யார் நோக்கத்துக்கு நம் பிள்ளைகள் அட்டை ஒட்டுகிறார்கள்?

பருவத் தேர்வு நெருங்குகிறது என்பதைப் பள்ளிக்கூடம் சொல்வதற்கு முன்பே எதிரில் இருக்கும் ஸ்டேஷனரி கடை சொல்லிவிடும். சார்ட் அட்டை, தெர்மாகோல், ஜிகினாத் தாள், பசை, ஸ்கெட்ச் பேனா எல்லாம் கடை வாசலுக்கு வந்துவிடும். "எந்த வகுப்பு? எந்தப் பாடம்?" என்று கேட்டுவிட்டு, அதற்கென்றே அச்சடித்து வைத்திருக்கும் படத்தாளைக் கடைக்காரரே எடுத்து நீட்டுகிறார். சூரியக் குடும்பம், நீர்ச் சுழற்சி, தேசத் தலைவர்கள், சாலை விதிகள். இரவில் அக்காவோ அம்மாவோ வெட்டி ஒட்டித் தருகிறார்கள். மறுநாள் ஆசிரியர் மேசையில் அட்டைகள் குவிகின்றன, மதிப்பெண் பதிவேட்டில் ஏறுகிறது. பிறகு அந்த அட்டைகள் பீரோவின் மேல் ஏறி, கரையான் வரும்வரை அங்கேயே கிடக்கின்றன. இதற்குப் பெயர் செயல்திட்டம். பிள்ளைகள் மொழியில் 'புராஜெக்ட்'.

எதற்காக இதைச் செய்தாய் என்று எந்தப் பிள்ளையையாவது கேட்டுப் பாருங்கள். "மார்க்குக்கு சார்" என்று பதில் வரும். நேர்மையான பதில்தான். அதற்கு வேறு ஏதாவது நோக்கம் இருக்கலாம் என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் சொன்னதில்லை. உன் நோக்கம் என்ன என்று கேட்டதும் இல்லை.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறவன். செயல்திட்டத்தின் நோக்கத்தை முடிவு செய்வதில் மாணவர்களுக்குப் பங்கு வேண்டும் என்பதைக் கற்பித்தல் உத்தியாகப் பேசுவதற்கு ஆசிரியர் பயிற்சி முகாம்கள் இருக்கின்றன. மதியச் சாப்பாட்டோடு அது முடிந்துவிடும். நான் அதைச் சாதி ஒழிப்பின் கேள்வியாகப் பேச விரும்புகிறேன். அப்படிப் பேசுவதற்கான வழியை அண்ணல் அம்பேத்கரே போட்டுவைத்திருக்கிறார்.

1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலத்தின் மாநாட்டுக்காக எழுதி, மாநாட்டுக்காரர்கள் பின்வாங்கியதால் தாமே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில், அடிமைத்தனம் என்றால் என்ன என்று அவர் விளக்குகிறார். சட்டம் போட்டு மனிதரை அடக்கி வைப்பது மட்டும் அடிமைத்தனம் அல்ல என்கிறார். தங்கள் நடத்தையை ஆளுகிற நோக்கங்களை வேறொருவரிடமிருந்து ஏற்றுக்கொள்ளும்படி சிலர் கட்டாயப்படுத்தப்படுகிற சமூகநிலை எதுவோ அதுவும் அடிமைத்தனமே என்பது அவர் வாதம். தான் தேர்ந்தெடுக்காத தொழிலைப் பிறப்பின் பேரால் சுமப்பவர்களை மனதில் வைத்துத்தான் அவர் இதைச் சொல்கிறார்.

இந்தக் கருத்து அவருக்குக் கல்வித் தத்துவத்தின் வழியாக வந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் படித்தபோது ஜான் டூயி அவருடைய பேராசிரியர்களில் ஒருவர். 1916இல் வெளிவந்த 'ஜனநாயகமும் கல்வியும்' என்ற நூலில், அடிமைக்குப் பிளேட்டோ தந்த வரையறை என்று இதே கருத்தை டூயி எடுத்துச் சொல்கிறார். தான் செய்யும் வேலையால் சமூகத்துக்கு என்ன பயன் என்று புரியாமல், அதில் தனக்கென்று ஈடுபாடும் இல்லாமல் உழைக்கிற எவருக்கும் இது பொருந்தும் என்கிறார். 1938இல் எழுதிய 'அனுபவமும் கல்வியும்' நூலில் அதே வரையறையை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, கற்பவர் தன் கல்வியின் நோக்கத்தை உருவாக்குவதில் பங்கேற்க வேண்டும் என்று வாதாடுகிறார். இடையில் 1918இல், அதே கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் இருந்த கில்பேட்ரிக், 'புராஜெக்ட் முறை' என்ற கட்டுரையை எழுதினார். முழு மனதோடு ஏற்ற நோக்கம் இருந்தால்தான் அது புராஜெக்ட் என்பது அவர் நிலை. நம் பள்ளிகளுக்கு அந்தப் பெயர் மட்டும் வந்து சேர்ந்தது.

டூயி பொதுவாகச் சொன்னதை அம்பேத்கர் நம் சேரிக்குக் கொண்டுவந்தார். அதைச் சேரிப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பறைக்கு எடுத்துப் போவதுதான் நமக்கு மிச்சமிருக்கும் வேலை.

தமிழ்நாட்டில் இதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. 100 மதிப்பெண்ணில் 60 எழுத்துத் தேர்வுக்கு, 40 வளரறி மதிப்பீட்டுக்கு. அந்த 40இல் 20 செயல்பாடுகளுக்கு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில், செயல்பாடு, கண்டறிதல் வழியாகக் கற்க வேண்டும் என்றும், குழந்தை அச்சமில்லாமல் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஏட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

'நாங்கள் நோக்கத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தானே ஆரம்பிக்கிறோம்' என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. கற்றல் விளைவுகளைச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறோம். அது அறிவிப்பு. குழி வெட்ட வந்தவரிடம் இது கிணற்றுக்கான குழி என்று சொல்வதும், கிணற்றை எங்கே வெட்டலாம் என்று கேட்பதும் ஒன்றாகுமா?

நோக்கத்தை மேலிருந்து முடிவு செய்யும்போது என்ன நடக்கிறது என்பதைத் தலைப்புகளைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். 'என் குடும்ப மரம்', 'என் பெற்றோரின் தொழில்', 'நமக்கு உதவுவோர்', 'நம் ஊர்த் திருவிழா'. இவற்றை எழுதியவர் மனதில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் தாத்தாவின் புகைப்படம் சட்டமிட்டுத் தொங்குகிறது. அப்பாவுக்கு வகுப்பில் எழுந்து நின்று சொல்லக்கூடிய வேலை இருக்கிறது. சாக்கடை அள்ளுகிறவரின் மகளும், பிணம் எரிக்கிறவரின் மகனும் அதே வகுப்பில் அதே தலைப்பில் எழுந்து நிற்க வேண்டும். 'நமக்கு உதவுவோர்' அட்டையில் தூய்மைப் பணியாளர் படத்தை ஒட்டும்போது, வகுப்பில் எந்தப் பிள்ளையின் பக்கம் தலைகள் திரும்புகின்றன என்று பார்த்த ஆசிரியருக்குத் தெரியும், அந்தச் செயல்திட்டம் என்ன கற்பித்தது என்று. அட்டைக்கும் வண்ணப் பிரிண்ட்டுக்கும் ஆகிற செலவைப் பற்றி நான் இங்கே பேசவே இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு அதுவும் ஒரு சுமைதான்.

எட்டாம் வகுப்பில் ஒருமுறை 'நம் ஊரின் நீர் ஆதாரங்கள்' என்ற தலைப்பு. முந்தைய ஆண்டுகளின் அட்டைகள் பீரோ மேல் இருந்தன. இறக்கித் தூசி தட்டிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் ஏரி, கோயில் குளம், மேல்நிலைத் தொட்டி, பம்ப் செட். ஒன்றில்கூடக் காலனி இல்லை. தார்ச்சாலை முடிகிற இடத்தில் அட்டையும் முடிந்துவிடுகிறது. காலனிப் பிள்ளைகள் வரைந்த அட்டைகளிலும் அப்படித்தான். இந்த முறை எப்படிச் செய்யலாம் என்று பேச்சு வந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "எங்க தெருவையும் போடணுமா சார்?"

'போடலாமா' என்று அவள் கேட்கவில்லை. 'போடணுமா' என்றாள். தன் தெருவைப் படத்தில் காட்டுவதற்குத் தான் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று பதின்மூன்று வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது. அப்படி ஒன்று நடக்கிற மாநிலத்தில் நீர் ஆதாரம் என்பது வெறும் நீல வண்ணம் தீட்டும் வேலை இல்லை. போட்டே ஆக வேண்டும் என்று நான் சொன்னால், உன் சேரியைக் காட்சிக்கு வை என்று அவளுக்குக் கட்டளை இடுகிறேன். வேண்டாம் என்று சொன்னால் அவள் தெருவை நானே அழிக்கிறேன். இரண்டிலும் முடிவு என்னுடையது. அதனால், இந்தப் படத்தை எதுக்குப் போடுறோம்னு முதல்ல பேசுவோம், எதைப் போடறதுங்கிறதை அப்புறம் பார்ப்போம் என்றேன்.

இரண்டு பாடவேளை அதற்கே போனது. பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொன்னேன். ஏரியில் ஏன் இப்போது மீன் இல்லை. குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று ஏன் யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் குழாயில் ஏன் மெதுவாக வருகிறது. இந்தக் கடைசிக் கேள்வியைப் படித்ததும் வகுப்பு சூடுபிடித்தது. எல்லாத் தெருப் பெண் பிள்ளைகளுக்கும் சொல்ல ஏதோ இருந்தது. பையன்கள் பெரும்பாலும் வாயே திறக்கவில்லை. அவர்கள் குடம் தூக்கியதில்லை. அதுவும் ஒரு பாடம், பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம்.

கடைசியில் அவர்களே நோக்கத்தை முடிவு செய்தார்கள். ஒவ்வொரு தெருவிலும் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பது. எல்லோர் வீட்டுக் குடமும் ஒரே அளவா என்று ஒருவன் கேட்டான். அதற்காக ஒரே பிளாஸ்டிக் குடத்தைத் தெருத்தெருவாக எடுத்துப் போவது என்று தீர்மானித்தார்கள். ஒரே நேரத்தில் அளக்க வேண்டுமா, ஒரே நாளில் அளந்தால் போதுமா, மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றெல்லாம் சண்டை. ஒரு சோதனையில் எதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று அறிவியல் ஆசிரியர் பல வாரம் சொல்லிக்கொடுப்பதை ஒரு குடம் சொல்லிக்கொடுத்தது. காலனித் தெருவில் குடத்தோடு நின்றபோது, அந்த மாணவி செல்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தெரு படத்தில் வந்தது. கேள்விக்கு அது தேவைப்பட்டது, அதனால் வந்தது.

முடிவு நான் எதிர்பார்த்த மாதிரி மட்டும் இல்லை. தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்களில் வேகம், காலனியில் தாமதம். இது எல்லோரும் ஊகித்ததுதான். ஆனால் ஊருக்குள்ளேயே கடைசித் தெருவிலும் ஏறக்குறைய காலனி அளவுக்கே தாமதம். "எங்க தெருவும் உங்களுது மாதிரிதானா?" என்று அந்தத் தெருப் பையன் காலனிப் பையனைப் பார்த்துக் கேட்டான். அன்றோடு சாதி போய்விட்டது என்று கதை விடமாட்டேன். மாலையில் வழக்கம்போல அவரவர் கூட்டத்தோடு அவரவர் பாதையில்தான் போனார்கள். அப்பா, தாத்தா யாரும் அவன் தெருவைப் பற்றிச் சொல்லாத ஒன்றை அவன் தானே அளந்து கண்டுபிடித்தான் என்பது மட்டும் நடந்தது.

ஊரிலிருந்து ஒரு பெற்றோர் வந்தார். "பசங்களுக்குத் தண்ணிக் கணக்கு எதுக்கு சார்? பாடத்தை நடத்துங்க" என்றார். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் நீரியல் சுழற்சி இருக்கிறது என்று காட்டினேன். பிள்ளைகளும் அதையே சொன்னார்கள், என்னைவிடத் தைரியமாக. அக்டோபர் 2 கிராம சபையில் கணக்கைக் கொடுக்கலாமா என்பதையும் அவர்களே பேசி முடிவெடுத்து, பெற்றோர் மூலம் கொடுத்தார்கள். குழாய் இன்னும் மாறவில்லை.

இங்கே நம் தோழர்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். மாணவர் பங்கேற்பு என்ற சொல்லைக் கேட்டதும் கை தூக்கச் சொல்லி எண்ணிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி எண்ணினால், ஊர்ப் பிள்ளைகள் அதிகம் உள்ள வகுப்பில் 'ஊர்த் திருவிழா' ஜெயிக்கும். அந்தத் தேர் காலனிக்கு வராது. தேர் வராத தெருவின் பிள்ளை அந்தத் தேரைத் தெர்மாகோலில் செய்து தர வேண்டும். இது ஜனநாயகமா? 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் அம்பேத்கர் சுட்டிக்காட்டிய ஆபத்து இதுதான். அரசியல் பெரும்பான்மை கருத்தால் உருவாகும், மாறும். இந்தியாவில் இருப்பதோ பிறப்பால் அமைந்த வகுப்புவாதப் பெரும்பான்மை, அது மாறாது. நாட்டுக்கு அவர் கேட்ட பாதுகாப்புகளை நாற்பது பேர் வகுப்பும் கேட்கிறது. அதனால் நான் கை தூக்கச் சொல்வதில்லை. கேள்விகள் பெயரில்லாமல் வரட்டும். இந்த நோக்கத்தில் எனக்குப் பங்கில்லை என்று ஒரே ஒரு பிள்ளை சொன்னாலும் பேச்சு தொடரட்டும். குடும்பத் தொழிலையோ வழிபாட்டையோ வெளியே சொல்ல வேண்டிய எந்தத் தலைப்பும் கட்டாயமாக இருக்கக் கூடாது.

அடுத்து, குழுவுக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்பது. எந்தப் பள்ளியிலும் செயல்திட்டம் நடக்கும்போது கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பாருங்கள். தலைமைப் பிள்ளை, எழுதுகிற பிள்ளை, மேடையில் பேசுகிற பிள்ளை ஒரு பக்கம். வெட்டுகிற, ஒட்டுகிற, பசைக்குத் தண்ணீர் கொண்டுவருகிற, கடைசியில் துண்டுத்தாளைக் கூட்டி அள்ளுகிற பிள்ளைகள் இன்னொரு பக்கம். பெயர்களைக் குறித்துவைத்துக்கொண்டு வருகைப் பதிவேட்டில் வகுப்புப் பிரிவைப் பாருங்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று அண்ணல் சொன்னது ஒரு மணி நேரத்தில் விளங்கும். நோக்கத்தை முடிவு செய்த பிள்ளை கூட்டவும் வேண்டும், கூட்டிய பிள்ளை மேடையில் பேசவும் வேண்டும். சுழற்சி முறையை எழுதிச் சுவரில் ஒட்டினால் ஒழிய இது நடப்பதில்லை.

கூட்டுவதைப் பற்றிப் பேசும்போது, 'தூய்மைப் பணி', 'சேவை' என்ற பெயரில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததற்காக வழக்குப் பதிவாகிற செய்திகள் இந்த மாநிலத்திலிருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதுவும் செயல்பாடுதான், அதற்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. நோக்கம் யாருடையது என்ற கேள்வியை நாம் ஏன் விடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்த மண் இந்தக் கேள்வியை முன்பே கேட்டிருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். செய்து கற்றல் என்றுதான் அதற்கும் விளக்கம் சொன்னார்கள். எதைச் செய்து எதைக் கற்பது என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. தந்தை பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் போராடினார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் பயிற்சிக்குப் போகச் சொல்கிறது. தொழில்களை முடிவு செய்வது மாநிலங்களும் உள்ளூர்ச் சமூகங்களும், உள்ளூர்த் தேவையைப் பார்த்து. உள்ளூர்ச் சமூகம் என்றால் எங்கள் ஊரில் யார் என்று எனக்குத் தெரியும். அந்த வாக்கியத்தில் பிள்ளை எங்கே?

பிள்ளைகளுக்கு நோக்கம் வகுக்கும் அறிவு இருக்குமா என்று கேட்பவர்களுக்கு 1855ஐ நினைவூட்ட வேண்டும். ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் புனேயில் நடத்திய பள்ளியில் முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி படித்தார். வயது 14. மாங், மகார் மக்களின் துயரம் பற்றி அவர் எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. வேதத்தைப் படிக்க எங்களுக்கு உரிமை இல்லை என்றால் எங்கள் மதம்தான் எது என்று அந்தச் சிறுமி கேட்டார். தங்கள் சாதிப் பெண்கள் தலைக்கு மேல் கூரைகூட இல்லாமல் பிள்ளை பெறுவதை எழுதினார். அந்தக் கேள்விகள் எந்த அட்டவணையிலிருந்தும் வரக்கூடியவை அல்ல. புலே தம்பதியர் எழுத்தைக் கற்றுக்கொடுத்தார்கள், எதை எழுத வேண்டும் என்பது முக்தாவுக்குத் தெரிந்திருந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குவது, கையில் வண்ணக் கயிறு கட்டத் தடை, அகர வரிசையில் இருக்கை என்று பல பரிந்துரைகள். எல்லாம் தேவை. அகர வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சேர்ந்து என்ன செய்யப் போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. கல்வித்துறை ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். செயல்பாட்டுக்கான அந்த 20 மதிப்பெண்ணைப் பதிகிற படிவத்தில், இந்தக் கேள்வியை யார் எழுப்பினார்கள், நோக்கத்தை எப்படி முடிவு செய்தார்கள், யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்று மூன்று வரி எழுத இடம் விடட்டும். அலங்காரத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று ஒரு சுற்றறிக்கை போடட்டும். ஸ்டேஷனரி கடைக்காரர் மட்டும்தான் வருத்தப்படுவார்.

நம் வேலையும் இருக்கிறது. காலனிகளில் நாம் நடத்தும் மாலை நேரப் படிப்பகங்களில், ஏப்ரல் 14 வந்தால் என்ன செய்கிறோம்? நாம் எழுதிக்கொடுத்த மூன்று பக்கத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள், நாம் கைதட்டிப் பரிசாக டிபன் பாக்ஸ் கொடுக்கிறோம். பேச்சில் அண்ணலின் பெயர் வருகிறது, நோக்கம் நம்முடையதாகவே இருக்கிறது. வருகிற ஏப்ரலுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. படிப்பகத்தில் ஒரு மாலை துண்டுச் சீட்டுகளைக் கொடுத்து, அம்பேத்கரிடம் ஒன்று கேட்கலாம் என்றால் என்ன கேட்பீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். வருகிற கேள்விகளில் சில நமக்குப் பிடிக்காமல் போகலாம், அவற்றையும் சேர்த்தே விழா மேடையில் படியுங்கள்.